அத்தை கலக்கிக் கொடுத்த பால்

சின்ன வயதில் எனக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் ஆறாமலே இருந்தது. வியர்த்தால் அரிக்கும், சொறிந்தால் நீர் வடியும். குமாரபாளையத்து வெயிலுக்கு வியர்க்காமல் இருக்க முடியுமா? தெருவில் நாலு பேர் கேட்பார்களே என்றும் அம்மாவுக்குக் கவலை. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குள்தான்.

ஈரோட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார்.

"வெயில்ல கெடைக்கற சத்துங்க இது. கொழந்தைய ஊட்டுக்குள்ளயேவா வெச்சிருக்கீங்க?"

அம்மா தலை குனிந்துகொண்டார். வாரம் ஒரு பாக்கெட் பவுடரைப் பாலில் கலந்து கொடுக்கச் சொன்ன டாக்டர், இது மட்டுமே கரப்பானைப் போக்கிவிடாது, பூசிவரும் களிம்பை நிறுத்தக் கூடாது, காலை வெயிலில் விளையாட விடுங்கள் என்றும் சொன்னார். ஞாயிறுதோறும் பால் கலக்கும் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார். அப்பாவின் தங்கை. அப்போது அவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். என் கரப்பானைப் பார்த்துப் பரம்பரை வியாதி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பெரியப்பாவுக்குப் பயம்.

"புள்ள உள்ளார இருக்கட்டும். அவிய போனப்பறம் வரட்டும்."

அறைக் கதவைச் சாத்தினார்கள். எனக்கு அது கண்ணாமூச்சி மாதிரி இருந்தது.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. பட்டுப்புடவையும் மல்லிகையுமாக அத்தை, கையில் பால் டம்ளர்.

"வா சாமி, பாலு குடிக்கலாம்."

கூடத்துக்குக் கூட்டிப்போய், எல்லார் எதிரிலும் மடியில் உட்காரவைத்துக்கொண்டார். என் கைக் களிம்பு பட்டில் ஒட்டியது. மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார்.

"இதென்ன கையில?"

"கரப்பானுங்க. ஒட்டுவாரொட்டி இல்லீங்க. எங்கண்ணன் புள்ள. நாந்தானுங்க மருந்து குடுக்கறேன்."

நான் பாலை மடமடவென்று குடித்தேன். வந்தவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பவுடருக்குக் கேட்டதோ, களிம்புக்குக் கேட்டதோ, மெல்ல மெல்ல என் தோல் ஆறியது. அத்தைக்கும் பிறகு எடப்பாடியில் நல்ல இடம் அமைந்தது. அவருக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொன்னால் திட்டுவார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன அன்று மாலை பெரியப்பா கோபித்துக்கொண்டு போனார். அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அமையாது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அத்தை நம் வீட்டைவிட்டு இப்போதைக்குப் போகப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் கைதட்டிக்கொண்டு கூடம் முழுக்கக் குதித்தேன். அத்தையும் சிரித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து குதித்தார்.