கையெழுத்துப் போடாத மாஸ்டர்

ஏரம்பமூர்த்தி மாஸ்டரை நல்லவர் என்று சொல்பவர்கள் அவருடன் வேலை செய்ததில்லை. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்த அவர், வெளிநாட்டுக்கு வந்தபின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதிக் களஞ்சியம் ஒன்றில் என்னோடு பெட்டி அடுக்கினார். அமெரிக்கா இங்கிலாந்து ராசாவின் கீழ் இருந்த காலத்தில், வரிக்கு எதிராக எழுதிய ஓர் அரசியல்வாதிதான் அவருக்குத் தெய்வம். சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கதைதான்.

1993இல் முதலாளி சனி, ஞாயிறு மேலதிகச் சம்பளத்தை வெட்டினார். மறுநாள் வேலைக்குப் போகாமல் வாசலில் நிற்பதென்று தீர்மானித்தோம். எதிர்ப்புக் கடிதத்தை மாஸ்டரே ஆங்கிலத்தில் எழுதினார். நன்றாகத்தான் எழுதினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் பேனையை மூடினார்.

“என்ன மாஸ்டர், மை முடிஞ்சு போச்சோ?”

“அந்த மனுசனும் சுதந்திரப் பிரகடனத்திலை கையெழுத்து வைக்கேல்லை காணும். அவசரப்படக் கூடாதெண்டு நினைச்சவர்.”

“பிறகு வீட்டிலை படுத்திட்டாரோ?”

சரித்திரத்தில் பொய் சொல்ல மாஸ்டருக்கு வாய் வராது. “இல்லை. படையோட சண்டைக்குப் போனவர்” என்றார்.

“அப்ப நாளைக்கு நீங்களும் வாசலுக்கு வாங்கோ.”

வந்தார்தான். மழையில் நின்ற எங்களைப் பார்க்காமல் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி உள்ளே போனார். எங்களுக்கு வேலை போனது. அவர் சூப்பர்வைசர் ஆனார்.

நான் ஓய்ந்துவிடவில்லை. அதே நகரத்தில், மனுரேவாப் பகுதியில் கடை போட்டேன். இன்று என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், சனி ஞாயிறு என்றால் ஒன்றரை மடங்கு சம்பளம். மாஸ்டரும் சாமான் வாங்க வருகிறார். அந்த அமெரிக்கக் கதையை மட்டும் என் கடையில் அவர் தொடங்குவதில்லை.