கூரையேறிய ஒரு சென்ட் காசுகள்

முதல் நாள் எனக்குக் கிடைத்த வேலை ஆணி விற்பது அல்ல, காசு பிரிப்பது. போர்ட் பிளேரில் இரும்புக் கடை வைத்திருந்த எங்கள் முதலாளி பாய்க்கு சிலோன் ஒரு சென்ட் காசென்றால் பைத்தியம். எழுபதுகளின் தொடக்கம் அது. சிலோனிலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இங்கே கப்பல் மாறுவார்கள். அவர்கள் மடியில் மிஞ்சிய சென்ட்டுகளை பாய் வாங்கிவிடுவார். ராஜா தலையும் பனையும் போட்ட செம்புக் காசு ஒரு பாட்டிலில்: ‘பழசு, விலை உண்டு.’ அலுமினியக் காசு இன்னொன்றில்: ‘புதுசு, விலை இல்லை.’ நாணயங்களைப் பற்றி நான் படித்தது இந்த இரண்டு சீட்டுகள்தான்.

பாய் மெயின்லேண்ட் போயிருந்த மாதம், கப்பல் வராமல் கடையில் வாஷர் தீர்ந்துபோனது. பக்கத்துக் கராச்சர்மாவிலிருந்து காளியம்மாக்கா வந்தார். புதுக் கூரைக்கு எங்களிடம்தான் ஜி.ஐ. தகர ஷீட் வாங்கியிருந்தார்.

“வாஷர் இல்லாம ஆணி அடிச்சா ஒழுகாதா தம்பி? மவ பிரசவத்துக்கு வந்திருக்கா. பாரிஷ் கொட்ட ஆரம்பிச்சிட்டா எங்க போவேன்?”

நான் யோசித்தேன். (யோசித்தேன் என்பதை பாய் பிற்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.) காசின் நடுவில் துளை போடும் பஞ்ச் வைத்துத் தட்டினால் வாஷர். விலை உள்ளது பிரசவ அறைக்கு, விலை இல்லாதது சமையல் கொட்டகைக்கு. நியாயமாகத்தான் பங்கிட்டேன்.

பாய் திரும்பி வந்து பாட்டிலைப் பார்த்தார்.

“ராஜாவெல்லாம் எங்கடா?”

“கராச்சர்மாவுல பாய். கூரை மேல இருக்காங்க.”

“ஓட்டை போட்டியா?”

“கரெக்டா நடுவுல.”

“அடுத்த கப்பல்ல நீ ஊருக்குப் போற. பெட்டியக் கட்டு.”

கப்பல் வந்தால் சரக்கு இறக்க ஆள் வேண்டும். இறக்கியதைக் கடை சேர்ப்பதற்குள் கப்பல் கிளம்பிவிடும். இப்படி ஒரு வருடம், கட்டிய பெட்டியோடு வேலை பார்த்தேன்.

மறு மழையில் காளியம்மாக்கா கடை வாசலில் நின்றார்.

“பாய், உங்க ஆளு குடுத்த ராஜா ஒவ்வொருத்தர் காலடியிலயும் ஒழுகுது. தொட்டில நாலு மூலைக்கும் மாத்திட்டேன். சமையக் கொட்டகை மட்டும் ஏக்தம் சுத்தமா காய்ஞ்சு கெடக்கு. பேரன அடுப்பங்கரையிலயா வளக்கச் சொல்றீக?”

நானும் பாயும் ஏணி வைத்து ஏறினோம். உப்புக் காற்றும் மழையும் சேர, செம்பு தொட்ட இடமெல்லாம் ஷீட்டின் துத்தநாகப் பூச்சை அரித்து, தகரம் துருவேறிப் பொத்தலாகியிருந்தது. கொட்டகையில் அலுமினியக் காசைச் சுற்றி ஷீட் வாங்கியபடியே பளபளத்தது. பாய் புது ஷீட் கொண்டுவரச் சொன்னார். கடையிலிருந்து ‘விலை இல்லை’ பாட்டிலையும் வரவழைத்து என்னிடம் நீட்டி, “பஞ்ச் பண்ணு” என்றார்.

வேலை முடிந்து இறங்கியதும் நானே கேட்டேன்: “இந்தக் கப்பலா பாய், அடுத்ததா?”

“உன்னய அனுப்பிட்டா புதுசா ஒருத்தன் வருவான். அவன் இதப் படிக்கிறதுக்கு இன்னொருத்தர் கூரைக்கு எங்கடா போறது? போ, கடையத் திற.”

அதற்குப் பிறகு பழசு, புதுசு பார்த்து விலை சொல்வதை விட்டுவிட்டேன். யாராவது ஒரு சென்ட்டைக் காட்டி என்ன பெறும் என்று கேட்டால், எதன் மேல் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலோர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள்.