நாகேஸ்வரி போட்ட கோடு

நாகேஸ்வரிக்கு ஒரு வியாதி உண்டு. வயதானவர் யாராவது ஒரு காரியத்துக்கு எழுந்தால் அவள் முந்திக்கொண்டு எழுந்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயர் வளர்ப்பு. மெல்பர்னில் அது அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளை ஓர் ஆராய்ச்சிக்கு மாற்றினார்கள். வயதானவர்கள் எதுவரை தனியாக வாழ முடியும் என்பது கேள்வி. டாக்டர் இருந்தார், சமூகசேவைக்காரர் இருந்தார், படிக்கட்டின் உயரத்தை அளக்க ஓர் எஞ்சினியர்கூட இருந்தார். ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய், யார் எந்த வேலையைத் தானே செய்கிறார் என்று பார்த்துப் படிவத்தில் குறிக்க நாகேஸ்வரி மட்டும்.

மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் ஹாலரன் என்ற எண்பத்தொரு வயது ரயில்வேக்காரர் தனியாக இருந்தார். சட்டைப் பொத்தான் போட்டார், குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறினார், வாசல்வரை நடந்து காட்டினார். கடைசியாகத் தேநீர் போட வேண்டும். கெட்டிலைத் தூக்கியபோது கை நடுங்கியது. அவ்வளவுதான், நாகேஸ்வரி பாய்ந்து அதை வாங்கித் தானே ஊற்றிவிட்டாள். பிறகு படிவத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. ‘உதவியுடன்’ என்ற இடத்தில் கோடு போட்டாள்.

அந்த ஒரு கோட்டால் அவர் சோதனையில் தேறவில்லை. முதியோர் இல்லத்துக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதினார். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டவர்கள் இதற்கு மட்டும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

“ஒரு கோடுதானே, விடுமப்பா,” என்றான் கணவன் வரதராஜா.

“அந்தக் கோட்டிலை ஒரு மனிசன்ர வீடு கிடக்குது. பிழை விட்டது நான்.”

மறுநாள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டாள். இன்னும் எத்தனை வீடுகளில் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஹாலரனை மறுபடி பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

இந்த முறை இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொரு நிமிடம் ஆயிற்று. ஹாலரன் இரண்டு தடவை கெட்டிலைக் கீழே வைத்து இளைப்பாறினார். மேசையெல்லாம் தண்ணீர். சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை பாடான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒருவழியாகக் கோப்பை அவள் முன்னால் வந்தது. ‘உதவியின்றி’ என்ற இடத்தில் கோடு போட்டாள்.

போன தடவை ஏன் பிடுங்கினாய் என்று அவர் கேட்டார். எங்கள் ஊரில் பெரியவர்களை வேலை செய்யவிட்டு இளையவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம் என்றாள்.

ஹாலரன் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தார்.

“நல்ல ஊர்,” என்றார். “அங்கே பிறந்திருந்தால் நான் எழுபதிலேயே படுக்கையில் விழுந்திருப்பேன்.”