திருப்பிய முகம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வயல்களில் வெள்ளம் நின்றால் எங்கள் பக்கத்தில் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். தண்ணீர் கடலுக்குப் பாயும் இடத்தில் மீன் குவியும். வெட்டிய மறுநாள் காலையில் நானும் தங்கச்சியின் கணவன் நௌபரும் வீச்சுவலையோடு இறங்கினோம்.

நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். அதனால் நான் கம்பை ஊன்றிப் பார்த்துத்தான் அடி வைத்தேன். நௌபர் சிரித்தான்.

"மச்சான், பயமெண்டா ஊட்டுல இரிங்க."

"வலைக் கயித்தக் கையில கட்டாதடா. இழுவை கூடவா இரிக்கி."

"கட்டாட்டி வலை கடலுக்குப் போயிடும்" என்று மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான்.

வலையை வீசியதும் அவன் காலடி மணல் சரிந்தது. நீரோட்டம் வலையை இழுக்க, வலை அவனை இழுத்தது. தலை ஒருமுறை தெரிந்து மறைந்தது. கம்பை நீட்டினேன். எப்படியோ பிடித்துக்கொண்டான். கிட்ட இழுத்து, இடுப்பில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்து, கரையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

குடித்த தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவன் கேட்டான்:

"கயித்த ஏன் அறுத்தீங்க? புது வலை!"

தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறாள். ஓங்கி அறைந்தேன்.

"உன்ட வலைக்காக என்ட தங்கச்சி புருசன இழந்து வெள்ளையுடுத்து இத்தா இரிக்கணுமாடா?"

வீட்டு மாப்பிள்ளையை அடித்தது தப்பு, மன்னிப்புக் கேள் என்றார் உம்மா. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். பெருநாளன்றுகூட அவன் என்னோடு கதைக்கவில்லை. கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

திருப்பட்டும். திருப்புவதற்கு முகம் இருக்கிறதே.