மாமாவின் ஆறாவது பாட்டு

பிற்பகல் மூன்றேகால் மணி. வெளிச்சத்தம் புகாமல் ஜன்னல்களில் சாத்திவைத்த இலவம்பஞ்சு மெத்தைகளின் புழுங்கிய வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருக்க, காரைக்காலில் மாமா வீட்டு வாசலில் நான் காவல் நின்றேன். உள்ளே மாமா தன் ஆல்பத்தின் ஆறாவது பாட்டைப் பதிவுசெய்துகொண்டிருந்தார்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்கு அந்த ஆசையைக் கொடுத்தது, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் விட்டுப்போன ஒரு சிடி. அமெரிக்கக் கிராமப்புறப் பாடகர் ஒருவர், தானே எழுதி, கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு, தொண்டை கட்டியவர்போலப் பாடிய பாட்டுகள். "இந்தாளு நம்ம துறைமுகத்துல ஒக்காந்து பொலம்புற மாரியே இருக்கு பாப்பா" என்று ரசித்துக் கேட்டவர், பழைய கிதார் ஒன்றை வாங்கி, அரசலாற்று முகத்துவாரத்தைப் பற்றியும் ஐஸ் உடைக்கும் விடியற்காலையைப் பற்றியும் எங்கள் பேச்சிலேயே பத்துப் பாட்டு எழுதினார். "ஐஸ்பெட்டியில வச்சு எடுத்த கொரலு" என்று அத்தை கேலி செய்வார். ஆனால் புதுப் பாட்டை முதலில் கேட்பவரும் அவர்தான்.

பிரசவத்துக்காக அத்தை போலகத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, நண்பரின் கம்ப்யூட்டரை இரவல் வாங்கி, செல்போனை அணைத்துவிட்டு, மாமா பதிவில் இறங்கினார். வாசலுக்கு வருகிற யாரையும் "உஷ்" சொல்லி நிறுத்துவது என் வேலை. பதினோரு வயதில் அது எனக்குப் பெரிய பதவி.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். கதவைத் தட்டப்போன கையைப் பிடித்து "உஷ்" என்றேன்.

"போலகத்துலேருந்து போன் பாப்பா. ஒங்க அத்தைக்கு வலி எடுத்துடுச்சாம், இங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டியாறாங்க. மாமாவ ஒடனே போவச் சொல்லு."

"பாட்டு முடிஞ்சதும் சொல்லிடுறேங்க்கா."

அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்த அவர் என்னை நம்பித் திரும்பினார். பாட்டு முடிந்ததும் மாமா கதவைத் திறந்து, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக, "இன்னும் ஒண்ணே ஒண்ணு, கொரல் இப்பத்தான் சூடாயிருக்கு" என்றார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒன்றுதானே என்று கதவைச் சாத்தினேன்.

அதையும் பாடி முடித்தபிறகே தகவல் தெரிந்து மாமா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிறையப் போய் மயங்கிக் கிடந்த அத்தை, மறுநாள் கண் திறந்ததும் கேட்டார்: "ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். தகவல் வரலயா?"

எதிர்வீட்டு அக்கா மூலம் அதற்குள் எல்லாம் தெரிந்திருந்த மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வந்துச்சு. பாட்டு முடியட்டும்னு இருந்துட்டேன்" என்றார்.

அத்தை அதன்பிறகு ஒரு பாட்டும் கேட்கவில்லை, மாமாவும் பாடவில்லை. நண்பர் போட்டுக்கொடுத்த ஒரே சிடி பரணுக்குப் போனது. இன்று என் மகள் அறைக்கதவைச் சாத்தினால் போதும், காரணமில்லாமல் போய்த் தட்டுகிறேன். "என்னம்மா ஒனக்கு?" என்று அவள் எரிந்துவிழுகிறாள்.

கிதார் எங்கே போனதென்று தெரியவில்லை. சிடி போட்டுக் கேட்கும் பெட்டியும் எங்கள் யார் வீட்டிலும் இல்லை. ஆனால் அன்று பிறந்த மாமா மகன் பரணிலிருந்த சிடியை எங்கேயோ கொடுத்துப் பாட்டுகளைச் செல்போனில் ஏற்றி, இயர்போனைத் தன் அம்மாவின் காதில் மாட்டியிருக்கிறான். போன வாரம் அத்தை தனியாக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஆறாவது பாட்டுல, கிதாருக்குப் பின்னால, 'முடிஞ்சதும் சொல்லிடுறேங்க்கா'ன்னு ஒரு புள்ள கொரலு. நீதானடி அது?"

தலையசைத்தேன். அத்தை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப தகவல அந்த மனுசன் கேக்கவேயில்லையா?"