பாஸ்வேர்டை ஒழித்த ஸ்ரீவத்சனும் ஏ வரிசை நாற்காலியும்

மயிலாப்பூரில் பிறந்து பாஸ்வேர்டை ஒழித்தவர் என்ற பெருமை ஸ்ரீவத்சன் ஒருவரையே சேரும். அவரே பலமுறை சொல்லியிருப்பதால் இதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

பெரிய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கும். ஸ்ரீவத்சனுடைய துயரம் நியூ ஜெர்சியில் நடந்தது. 1997இல் அவரை ஒரு கம்பெனி அங்கே அனுப்பியது. முதல் வாரமே ஆபீஸ் கம்ப்யூட்டர் அவரை மூன்று முறை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. பாஸ்வேர்டு மறந்துபோகக் கூடாது என்று மனைவி நீரஜாவின் பெயரையே வைத்தார். எண்ணும் வேண்டும் என்றது கம்ப்யூட்டர். அவள் பிறந்த வருடத்தைச் சேர்த்தார். மறுநாள் காலை பெயர் நினைவிருந்தது, வருடம் நினைவில்லை. நீரஜாவுக்கே போன் போட்டுக் கேட்டார். அதற்குக் கிடைத்த பதில் இங்கே வேண்டாம். ஆறே மாதத்தில் ஊர் திரும்பி, "அங்க சாத்துமதுக்கு ஒரு நல்ல தக்காளி கிடைக்கலை" என்று ரசத்தைக் காரணம் சொன்னார்.

அதன் பிறகு அவர் தியாகராய நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் இயங்கிய சாஃப்ட்வேர் கம்பெனியில் தொழில்நுட்பத் தலைவரானார். கம்பெனியில் ஐந்து பேர். தலைவர்கள் மூவர். கீழே யாராவது அண்டாவைக் கீழே போட்டால் மேலே ஒரு கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும்.

குடியிருப்பு மட்டும் மயிலாப்பூரில், மாமனார் தேசிகனின் ஃபிளாட்டில். தேசிகன் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். கான மந்தார சபாவில் பத்தொன்பது வருட உறுப்பினர். பத்தொன்பது டிசம்பர்களிலும் அவருக்குக் கிடைத்தது பதினெட்டாவது வரிசைக்கு அப்பால்தான். அங்கிருந்து பார்த்தால் பாடகர் கட்டைவிரல் உயரம். மிருதங்க வித்வானைத் தூண் மறைக்கும். ஏ வரிசையில் ஒரு நாற்காலி, சாவதற்குள் ஒரு தடவை. மனிதர் வாழ்க்கையில் பாக்கி வைத்திருந்த ஆசை அது ஒன்றுதான்.

முதல் இரண்டு வரிசைகள் கவுண்டர் திறக்கும் முன்பே சபா செயலாளரின் டைரிக்குள் நிரம்பிவிடும். அந்தச் செயலாளர் 1999 அக்டோபரில் ஸ்ரீவத்சனின் ஆபீஸ் படியேறி வந்தார்.

"ஸீட் ரிசர்வேஷன் எல்லாம் இன்டர்நெட்டுக்கு வந்துடணும், சார். மில்லெனியம் ஆச்சே. ஆனா எங்க மெம்பர்ஸ் எல்லாம் எழுபதைத் தாண்டினவா. பாஸ்வேர்டு கீஸ்வேர்டுன்னா எனக்குத்தான் போன் பண்ணுவா."

ஸ்ரீவத்சனின் கண்கள் பளபளத்தன. இந்த வாக்கியத்துக்காக அவர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

"பாஸ்வேர்டே வேண்டாம், சார்."

யோசனை எளிமையானது. உறுப்பினர் தன் பெயரைத் தட்டினால் போதும். அவருடைய மெயில் முகவரிக்கு ஒரு லிங்க் போகும். அதை அமுக்கினால் கதவு திறக்கும். உள்ளே போய் நாற்காலியைத் தேர்ந்தெடுக்கலாம். மெயில் யாருக்கு வருகிறதோ அவர்தான் ஆள்.

செயலாளருக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதி பிடித்திருந்தது. "அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை பத்து மணிக்குத் திறப்போம். நானும் நீங்களும் இங்கயே உக்காந்துண்டு பத்து அடிச்ச உடனே முதல் ரெண்டு வரிசையை எடுத்துடுவோம். கெழங்கள்லாம் கண்ணாடியைத் தேடி எடுக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். உங்க மாமனாருக்கு ஏ வரிசைல ரெண்டு. என் வாக்கு."

அன்று மாலை வீட்டில் ஸ்ரீவத்சன் இரண்டாவது முறை சாதம் கேட்டபோது நீரஜா மறுக்கவில்லை. தேசிகன் மட்டும், "நெஜமாவா மாப்ளே?" என்று மூன்று தடவை கேட்டார். மாப்பிள்ளை என்ற சொல்லில் மரியாதை ஒட்டியிருந்தது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.

கம்பெனியில் தலைவர் அல்லாத இருவரில் ஒருத்தி முத்துமாரி. நொச்சிக்குப்பத்துப் பெண். அவள் அம்மா தேசம்மா மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்பாத வீட்டில் வளர்ந்தவளுக்கு, சாஃப்ட்வேரைச் சோதிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். ஸ்ரீவத்சனைப் பொறுத்தவரை சோதனை என்பது, தான் செய்தது சரி என்று இன்னொருவர் கையெழுத்துப் போடும் சடங்கு.

சோதனைக்கென்று மூலையில் ஒரு தனி மெஷின் இருந்தது. அதிலிருந்து எந்த முகவரிக்கு மெயில் போனாலும் வெளியே போகாமல் ஒரே பெட்டியில் விழும்படி முத்துமாரி அமைத்திருந்தாள். ஊரில் உள்ளவர்களை அரைகுறை வேலையால் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா. ஸ்ரீவத்சன் அந்தப் பெட்டியைத் திறந்து நாற்பது லிங்க்குகளை அமுக்கினார். நாற்பதும் திறந்தன. தன் கையாலேயே "வெற்றி" என்று நாற்பது முறை எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முத்துமாரி கூப்பிட்டாள்.

"சார், ஒரு நிமிசம் இப்டி வாங்க."

"என்னம்மா? தப்பு ஏதாவது கண்டுபிடிச்சுட்டயா?"

"நான் இப்ப சபா செக்ரட்டரி, சார்."

திரையில் 'வருக' என்பதற்குப் பக்கத்தில் செயலாளரின் பெயர் இருந்தது.

"அவர் பேரைப் போட்டேன். லிங்க் இந்தப் பொட்டில விழுந்துச்சு. அமுக்கினேன். உள்ள வுட்டுடுச்சு. காலைல உங்க மாமனாரா இருந்தேன். அதுக்கு முன்னாடி நீங்களா இருந்தேன், அது போர் அடிச்சுப்போச்சு."

"எல்லா மெயிலும் ஒரே பெட்டில விழறதால அப்படி. இது டெஸ்ட் மெஷின்மா. நிஜத்துல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பெட்டி."

"அப்டீங்களா? மெம்பருங்க எழுதிக் குடுத்த ஃபாரத்தப் பாத்தீங்களா, சார்? நானூத்திச் சொச்சம் பேர்ல இருநூத்தி அறுவத்தி மூணு பேருக்கு ஒரே அட்ரஸ்ஸு கீது."

"டைப் அடிச்சவன் தப்பு."

"நான்தான் சார் டைப் அடிச்சேன்."

இந்த இடத்தில் சாதாரண மனிதராக இருந்தால் ஃபாரத்தை வாங்கிப் பார்த்திருப்பார். ஸ்ரீவத்சன் சாதாரணமானவர் அல்ல. வாங்கிப் பார்ப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது போல என்று நினைத்தார்.

"நிஜத்துல எப்படின்னு நிஜத்துலயே காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, சோதனை மெஷினில் அந்த ஒற்றைப் பெட்டி ஏற்பாட்டை நீக்கினார். உறுப்பினர் அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பும்படி கட்டளையும் இட்டார்.

"சார், திங்கக்கெளம பத்து மணிக்கு முன்னாடி தொறக்கக் கூடாதுன்ற பூட்டு இந்த மெஷின்ல இல்ல" என்றாள் முத்துமாரி.

"டெஸ்ட் மெஷின்தானே? என்ன ஆயிடும்?"

"ஸீட்டு லிஸ்ட்டு ரெண்டு மெஷினுக்கும் ஒண்ணுதான் சார். தனியா வெக்கலாம்னு நான் சொன்னப்ப, ரெண்டு வெச்சா கொழப்பம்னு சொன்னீங்க."

"லிங்க்குக்கு ஆயுசே கால் மணி நேரம்தான்மா."

"மோடம் காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டிதான் மெயில் அனுப்புது, போறதுக்குள்ள லிங்க் செத்துப்போவுதுன்னு போன வாரம் நீங்கதான் சார் அத்த மூணு நாளா மாத்துனீங்க."

ஸ்ரீவத்சன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அனுபவம் பத்தாது." பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் மோடம் அலறி அழுது, நானூற்றுச் சொச்சம் மெயில்களை உலகத்துக்கு அனுப்பியது.

அந்த ஒரே முகவரி யாருடையது என்பதை ஸ்ரீவத்சன் தன் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ராயப்பேட்டையும் மயிலாப்பூரும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் இடத்தில் கரீமுல்லா ஒரு பிரவுஸிங் சென்டர் வைத்திருந்தார். மயிலாப்பூர்ப் பெரியவர்களின் பிள்ளைகள் எல்லாம் கலிபோர்னியாவில். பெரியவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பிள்ளைகள் கரீமுல்லாவின் முகவரிக்கு எழுதுவார்கள். அவர் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்து, மேலே பெயரும் ஃபிளாட் நம்பரும் எழுதி, காலையில் மொபெட்டில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். படிக்க மாட்டார். சபா ஃபாரத்தில் ஈமெயில் என்று ஒரு கட்டம் வந்தபோது, அதைக் காலியாக விடுவது கௌரவம் இல்லை என்று எல்லோரும் தங்களுக்குக் கடிதம் வரும் அந்த முகவரியை எழுதினார்கள். தேசிகனும் செயலாளரும்கூட அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை கரீமுல்லாவின் பிரிண்டர் இருநூற்று அறுபத்து மூன்று தாள்களைத் துப்பியது. வழக்கம் போல மடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் பெயருக்குக் கீழே இருந்தது ஒரே வரி: கீழே உள்ள லிங்க்கை அமுக்கவும். மயிலாப்பூர் முழுவதும் அன்று காகிதத்தை விரலால் அமுக்கியது. ஒன்றும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு பிரவுஸிங் சென்டர் வாசலில் வரிசை நின்றது.

"இன்னா மாமா, சபாவே இங்க வந்துட்ச்சா?" என்றபடி கரீமுல்லா ஷட்டரைத் தூக்கினார். "தள்ளாதீங்க. லைன்ல வாங்க. யாரு மொதல்ல வந்தாங்களோ அவுங்களுக்கு மொத ஸீட்டு. இன்னா மாமி, பக்கவாத்தியம் தெரியணுமா, பாட்டு மட்டும் கேட்டா போதுமா?"

ஆளைக் கேட்டு, அமுக்கி, ஆளுக்கு இரண்டு நாற்காலியைக் காட்டி, சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். சபா தொடங்கிய நாளிலிருந்து முன்வரிசை முறைப்படி வழங்கப்பட்டது அன்றுதான். மத்தியானம் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. வராதவர்களுக்கு மீதியிருந்த இடங்களில் அவரே பார்த்து ஒன்று போட்டு வைத்தார்; யாரையும் வெறுங்கையாக விடுவது அவர் வழக்கமில்லை.

திங்கட்கிழமை பத்து மணி. செயலாளர் பட்டு அங்கவஸ்திரத்தோடு வந்து ஸ்ரீவத்சனின் பக்கத்தில் அமர்ந்தார். கையில் டைரி. கடிகாரம் பத்தைத் தொட்டதும் திரை திறந்தது. மண்டபத்தின் படம். காலி நாற்காலி பச்சை, போன நாற்காலி சிவப்பு என்று ஏற்பாடு. திரை முழுவதும் குங்குமம் கொட்டியது போல இருந்தது.

"ஏன் சார் எல்லாம் சேப்பா இருக்கு?"

"கலர் ப்ராப்ளம்" என்றார் ஸ்ரீவத்சன்.

கீழே ஒரு அண்டா விழுந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. நிறம் மாறவில்லை.

முத்துமாரி பிரவுஸிங் சென்டருக்கு நம்பரைச் சுழற்றி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"யாரு, சபாவா?" என்றது கரீமுல்லாவின் குரல். "நல்லா பண்ணிக்கீறீங்க நைனா! அமுக்கினா ஒடனே தொறக்குது. அல்லாருக்கும் நான்தான் அமுக்கினேன்."

"எல்லாருக்குமா?" செயலாளரின் குரல் கீச்சிட்டது. "நான் யார் தெரியுமா? செக்ரட்டரி பேசறேன்!"

"அட, வணக்கம் சார்! நீங்க நேத்து லைனுக்கு வரலையே. வுட்டுட முடியுமா? உங்களுக்கும் அமுக்கி வெச்சுட்டேன். டி வரிசை இருபது. தூணு பக்கம், சாஞ்சுக்கலாம்."

செயலாளர் டைரியை மூடினார். அவர் அதுவரை எந்தக் கச்சேரியிலும் தூணைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொல்லிக் கத்தினார். ரத்து செய்தால் இருநூற்று அறுபத்து மூன்று பேர் தன் வீட்டுக்குப் போன் செய்வார்கள் என்று படி இறங்கும்போது புரிந்துகொண்டு, மறுபடி ஏறி வந்து, ரத்து வேண்டாம் என்றார். "உங்க மாமனாரோட ஸீட்டை மட்டும் மறந்துடுங்கோ" என்று சேர்த்துக்கொண்டார்.

ஸ்ரீவத்சன் முத்துமாரியின் பக்கம் திரும்பினார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதான் சார் நிஜம். டெஸ்ட் மெஷின்ல இருந்த மாதிரியேதான் கீது."

மாலையில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஸ்ரீவத்சன் ஒரு விளக்கம் தயாரித்தார். அதில் மோடமும், பாத்திரக் கடையும், இந்தியாவின் மின்சார நிலைமையும் இடம்பெற்றன. தன் பெயர் வரவில்லை.

தேசிகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மாப்பிள்ளை பார்த்ததில்லை. கையில் ஒரு தாள்.

"ஏ வரிசை பதினாலு, பதினஞ்சு. நட்டநடுவில" என்றார். "நேத்து கார்த்தால ஆறு மணிக்கே கரீம் கடைக்குப் போய் நின்னுட்டேன். எனக்கு முன்னாடி ஆறே பேர்தான். நீங்க தூங்கிண்டிருந்தேள். எழுப்பலாம்னு நீரஜா சொன்னா. எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஸ்ரீவத்சன் தாளை வாங்கினார். மகிழ்ச்சி அடைவதற்கு அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தது அவர், நிறைவேற்றியது இன்னொருவர். அவர் கண்கள் தாளை மேலிருந்து கீழ் வரை சல்லடையாகச் சலித்து, அடியில் ஒரு சின்ன எழுத்து வரியில் நின்றன. சோதனை மெஷினிலிருந்து வரும் எல்லாத் தாளிலும் அச்சாகும்படி அவரே எழுதி வைத்த வரி. சோதனைக்கு மட்டும், செல்லாது என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"மாமா, இது டெஸ்ட் டிக்கெட். செல்லாது" என்றார். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

சமையலறையிலிருந்து நீரஜா வெளியே வந்து கணவரைப் பார்த்தாள். அவள் பிறந்த வருடத்தைக் கேட்டபோது பார்த்திருக்கக்கூடிய பார்வை.

தேசிகன் தாளைத் திருப்பி வாங்கி, கண்ணாடியைத் தூக்கி அந்த வரியைப் படித்தார்.

"கேட்டுல நிக்கறவன் வரிசையும் நம்பரும்தான் பாப்பான்" என்றார். "நீரஜா, அந்தக் கத்தரிக்கோலை எடு."

"இன்னொரு ஸீட் எனக்குத்தானே, மாமா?"

"கரீமுக்கு. பல்லவி கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சாம். மொபெட்ல அவரே வந்து என்னை அழைச்சுண்டு போறேன்னுட்டார். நீங்க ஸ்கூட்டரைக் கூட எடுக்க வேண்டாம்."

கத்தரிக்கோல் வந்தது. தேசிகன் தாளை மடியில் வைத்து, அடி வரியை மட்டும் கோணாமல் வெட்டினார். ஏ வரிசையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெட்டிய துண்டை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"இது உங்களோடது. வச்சுக்கோங்கோ."