காட்டூர் வீட்டில் ஒன்பது ஆம்பியர்

காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது செய்தி வந்தது. ஆரோக்கியம் சார் போய்விட்டார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "இங்க ஸ்டாப் இல்லைங்கம்மா" என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல இறங்கி, பாலத்தின் ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து அவர் வீடு இருக்கும் காட்டூருக்கு நடந்தே போவது நடக்கிற காரியமில்லை என்பது பாலம் முடிந்த பிறகுதான் புத்தியில் ஏறியது. ஆட்டோ பிடித்தேன்.

எங்கள் பாலிடெக்னிக்கின் மின்னியல் ஆய்வகத்தை அவரும் நானும் வெகுகாலம் சேர்ந்து நடத்தினோம். எனக்குக் காலில் சக்கரம். அவரோ உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத ஆள். இந்த ஜோடி எப்படிச் சண்டையில்லாமல் ஓடியது என்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். சண்டை தினமும் இருந்தது. அவர்தான் மெதுவாகப் போட்டார்.

அவரோடு கல்யாணத்துக்குப் போனவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்து மெயின் போர்டைப் பார்க்கப் போய்விடுவார். ஒவ்வொரு பிளக்கையும் புறங்கையால் தொடுவார். சுட்டால் பையிலிருந்து கரண்ட் அளக்கிற மீட்டர் வெளியே வரும். "கை சொல்றது சந்தேகம். மீட்டர் சொல்றதுதான் பதில்" என்பார். லால்குடி வரவேற்பு ஒன்றில் அவரைக் கரண்ட் ஆபீஸ்காரர் என்று நினைத்து முதல் பந்தியில் உட்கார வைத்து விழுந்து விழுந்து கவனித்தார்கள். மறுப்பாரா? இன்னொரு தரம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் ஒருமுறை கீசர் போட்டாலே கருகல் நாற்றம் வந்தது. கீசரை மாற்று, வயரை மாற்று, வீட்டையே மாற்று என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பதறுங்க மேடம், தப்பில்லை. பதறிக்கிட்டே அளங்க."

மெயினில் ஒரு அளவு. கீசர் முனையில் அதைவிடக் குறைவு. "நடுவுல காணாமப் போன வோல்ட் சும்மா போகாதுங்க. அதை ஓடுற ஆம்பியரால வகுத்தா வழியில இருக்கற தடை தெரியும். ஆம்பியரால பெருக்கினா எத்தனை வாட் சூடாப் போகுதுன்னு தெரியும்" என்றார். நானும் வகுப்பில் நடத்துகிற கணக்குதான். என் வீட்டிலேயே அது கருகும் என்று நான் நினைத்ததில்லை. சுவிட்சுக்குப் பின்னால் ஒரு திருகு தளர்ந்திருந்தது.

காட்டூர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் அவர் இருந்தார். மகன் சிங்கப்பூரிலிருந்து மறுநாள் காலைதான் வந்து சேருவான். அதுவரை பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். பெட்டியின் சத்தம் தேய்வதும் தேறுவதுமாக இருந்தது. அதன் வயர் போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே இரண்டு ஃபேன்களும் காபிக்குத் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலும் செருகியிருந்தன. மிச்ச வயரைச் சுருட்டி வைத்து, அதன்மேல் வந்த மாலைகளையெல்லாம் குவித்திருந்தார்கள். புறங்கையை வைத்தேன். சுட்டது.

அவருடைய மைத்துனரிடம் போய்ச் சொன்னேன். "செத்த உட்காருங்கம்மா. துக்கத்துல மனசு இப்படித்தான் அலையும்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னைக் குழப்பியது. சுட்டது வயரா, என் மனசா?

சாரின் மனைவி பிலோமினா அக்காவிடம் குனிந்து, "மீட்டர் எங்கக்கா?" என்றேன். ஜெபத்தை விடாமல், வாசலில் நின்ற சாரின் ஸ்கூட்டரை விரலால் காட்டினார். சீட்டுக்கு அடியில் இருந்தது, எடுத்து வந்தேன்.

சுவர் பிளக்கில் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். பாக்ஸில் இருநூற்றுப் பத்து. முறுக்கு வயரில் ஒன்றை மட்டும் விலக்கி, மீட்டரின் இடுக்கி மாதிரி திறக்கும் வாய்க்குள் விட்டேன், ஒன்பது ஆம்பியர். காணாமல் போன பதினெட்டை ஒன்பதால் வகுத்தால் இரண்டு ஓம். பெருக்கினால் நூற்று அறுபத்திரண்டு வாட், மாலைகளுக்கு அடியில்.

"இது துக்கம் இல்லைங்க. நூத்தி அறுபத்திரண்டு வாட். ஒரு குண்டு பல்பு எரியறதைவிட அதிகச் சூடு" என்றேன்.

மைத்துனர் கெட்டிலைப் பிடுங்கினார். மாலைகளை விலக்கினால், சுருளின் நடுவே டேப் சுற்றிய ஒட்டு இளகிப் பழுப்பேறிக் கிடந்தது. பந்தல்காரர் தடித்த வயர் கொண்டுவந்து, பெட்டிக்கு மட்டும் தனியாக இணைப்புக் கொடுத்தார். சத்தம் சீரானது. பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவரே எந்திரிச்சு வந்திருப்பாரு" என்றார். ஜெபத்துக்கு நடுவே எல்லாரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் மகன் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மீட்டரை அவனிடம் கொடுத்தேன். அது அந்த வீட்டுப் பொருள். பதறிக்கொண்டே அளக்கும் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன் சார். பெட்டியைத் திறப்பதற்கு முன், என் கை தானாகப் போய்ப் புறங்கையால் கண்ணாடியைத் தொட்டது. சில்லென்று இருந்தது. அப்போதுதான் என் கால்கள் ஓய்ந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.